ஏத்தத்துல வழுக்குமா

“பஞ்சு எங்க புள்ள? வாப்பாட மையித்தக் குளிப்பாட்டி முடியப் போகுது.”

முற்றத்து மறைப்புக்குள்ளிருந்து உம்மாவின் அண்ணன் அப்துல் ஹமீட் மாமா குரல் கொடுத்தபோது றாஹிலா அலுமாரியின் கீழ்த்தட்டுக்குள் தலையை விட்டிருந்தாள். நீலக் கடதாசி சுற்றிய பஞ்சுச் சுருள் அகப்பட்டது. ஆனால் பாதிதான் இருந்தது. உம்மாவின் காதுவலிக்கென்று வாங்கியது. ஒரு காதுக்கு எவ்வளவு பஞ்சு போகும்?

“உம்மா, இதுல ஆரு கைவெச்ச?”

விதவை வீட்டோடு இருக்கும் இத்தாவுக்கென்று அறைக்குள் உட்கார்ந்துவிட்ட சுபைறா தலையை மட்டும் அசைத்தாள். அன்று விடியச் சுபஹுத் தொழுகைக்கு எழும்பிய புருஷன் கிணற்றடியில் சரிந்தவர்தான், பிறகு எழும்பவில்லை.

இருந்ததைக் கொடுத்துவிட்டு, மிச்சத்தைத் தேடி வாப்பாவின் கட்டிலுக்கடியில் கையை விட்டாள். வந்தது ஒரு சோடிச் சப்பாத்து. கறுத்த தோல், லேஸ் போட்டது, முகம் தெரிகிற மினுக்கம். மேல்தோலில் மடிப்பு விழுந்திருந்தது, வேறு யாரோ போட்டு நடந்ததுதான். இரண்டின் நுனிக்குள்ளும் காணாமல் போன பஞ்சு உருண்டையாக அமுக்கியிருந்தது.

ஊர் போடியார் என்று கூப்பிடும் நிலக்காரர் என்றாலும், வாப்பா கச்சிமுகம்மது வயலுக்கு வெறுங்காலோடு போவார். பள்ளிக்கும் கல்முனைச் சந்தைக்கும் றப்பர் செருப்பு. தன் கலியாணத்துக்கே சப்பாத்துப் போடாத மனிசன் என்று மாமா இன்னமும் பகிடி பண்ணுவார். அவருக்கு என்னத்துக்கு இது?

வாப்பாவிடம் கேட்க அவளுக்கு வேறொன்றும் இருந்தது. பேராதனைக் கெம்பஸிலிருந்து அனுமதிக் கடிதம் வந்து ஒரு மாதமாகிறது. ஞானராணி டீச்சர் வீடு தேடி வந்து, “பேராதனை நல்ல இடம், போடியார். ஒரே மலை, ஏறி இறங்கணும், அவ்வளவுதான். புள்ளய விடுங்க” என்றபோது வாப்பா “ஆ” என்றார். ஓம் என்றும் சொல்லவில்லை, ஏலாது என்றும் சொல்லவில்லை. அந்த ஒற்றை ‘ஆ’வைத்தான் ஒரு மாதமாக அவள் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதிவுக்கு இன்னும் பன்னிரண்டு நாள். இன்று காலை மாமா அதற்கும் முடிவு சொல்லிவிட்டார்: “அவரே ஓம் எண்டு சொல்லல்ல. கடிதத்த மடிச்சி வை. இத்தா முடிய மாப்பிள பாப்பம்.”

பத்து மணிபோலப் பாண்டிருப்பிலிருந்து பெனடிக் ஐயா வந்தார். அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்து பெஞ்சன் எடுத்தவர், வாப்பாவின் கூட்டாளி. குடையை மடித்தவர் றாஹிலாவின் கையிலிருந்ததைக் கண்டு நின்றுவிட்டார்.

“இது உங்கடயா ஐயா?”

“என்டதான் மகள். சும்மா கிடந்தது, விக்கப் போறன் எண்டு கேள்விப்பட்டுத்தான் வாப்பா வந்தவர். நல்ல தோல், அடி மாத்தித் தைச்சது. வாங்கிறதா விடுறதா எண்டு ரெண்டு கிழமை யோசிச்சவர். உங்களுக்குப் பெரிசு எண்டு நானே சொன்னன். கொண்டுபோய்ப் போட்டுப் பாக்கன், வெள்ளிக்கிழம முடிவு சொல்றன் எண்டார்.”

இன்றைக்கு வெள்ளிக்கிழமை.

“என்னத்துக்காம் ஐயா?”

“ரெண்டாம் கலியாணமா போடியார் எண்டு கேட்டன். சிரிச்சார், சொல்லல்ல. அவர் கேட்டதெல்லாம் ஒண்டுதான். ஏத்தத்துல வழுக்குமா, எறங்கக்குள்ள பெருவிரல் முட்டுமா எண்டு. கல்முனையில எங்க ஏத்தம் எண்டன். கடக்கர மணல்ல ஏறவா சப்பாத்து?” அவர் மடித்த குடையைச் சுவரில் சாய்த்தார். “வெச்சிரிங்க மகள். அவசரமில்ல.”

றாஹிலா நேரே அறைக்குள் போய்ச் சப்பாத்தை உம்மாவின் மடிக்கு முன்னால் வைத்து, கேட்டதை ஒரு சொல் விடாமல் சொன்னாள்.

சுபைறா ஒன்றைத் தூக்கித் திருப்பிப் பார்த்தாள். விரலை உள்ளே விட்டுப் பஞ்சை இழுத்தெடுத்தாள். மற்றதிலிருந்தும் எடுத்தாள்.

“காக்காவக் கூப்பிடு.”

மாமா ஈரக் கையை உடுத்திருந்த சாரத்தில் துடைத்துக்கொண்டு வந்தார். “என்ன தங்கச்சி?”

“பெனடிக் ஐயாட சப்பாத்த நாம எடுக்கம்.”

“இதென்ன நேரத்துக் கத? ஆருக்கு?”

“வெள்ளிக்கிழம முடிவு சொல்றன் எண்டிரிக்கார். உங்கட கால் நீளம்தானே, போட்டுப் பாருங்க.”

“நானா? நான் எங்க போக?”

“எனக்கு நாலு மாசம் பத்து நாள் படி தாண்ட ஏலா. இவளப் பேராதனைக்கு ஆரு கூட்டிப் போற?”

மாமா றாஹிலாவைப் பார்த்தார். சப்பாத்தைப் பார்த்தார்.

“அவர் என்ன கேட்டாராம்?”

“ஏத்தத்துல வழுக்குமா எண்டு மாமா.”

அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து வலது காலை உள்ளே விட்டார். பஞ்சில்லாமலே குதிகால்வரை இறங்கியது.

“முட்டுதா?” என்றாள் சுபைறா.

அவர் எழும்பி நின்று பெருவிரலை ஒருமுறை ஊன்றிப் பார்த்தார்.

வெளியே கபன் துணி சுற்றி முடித்து, “முகம் பாக்கிறவங்க வாங்க” என்று கூப்பிட்டார்கள். மாமா சப்பாத்தைக் கழற்றி மற்றதோடு சேர்த்து, நுனி வாசலைப் பார்க்க வைத்துவிட்டு வெறுங்காலோடு போனார்.

உம்மாவை எழுப்பக் கையைப் பிடித்தாள் றாஹிலா. விரல்கள் திறக்கவில்லை. உள்ளே அந்த இரண்டு பஞ்சு உருண்டைகளும் இருந்தன. மேலே தெரிந்ததில், வாப்பாவின் பெருவிரல் அளவுக்கு ஒரு குழி பதிந்திருந்தது.