ஆவி அடங்கும்வரை

எனக்கு வாய் நீளம். மலாக்காவில் எங்கள் தெருவுக்கே அது தெரியும். அப்படிப்பட்ட நான் ஒரு பகல் முழுக்க வாய் திறக்காமல் இருந்தேன் என்றால் இன்றைக்கும் யாரும் நம்புவதில்லை.

சீனப் புத்தாண்டுக்கு முன் கூடைப் பலகாரம் அவிக்கும் நாள் அது. பசையரிசி மாவும் சர்க்கரையும் கரைத்து, வாழையிலை வைத்த சின்னக் கூடைகளில் ஊற்றிப் பதினோரு மணி நேரம் ஆவியில் வைக்க வேண்டும். அடுப்பருகே சண்டை கூடாது, சுடுசொல் கூடாது. எல்லாவற்றையும்விட, "வெந்துவிட்டதா" என்று கேட்கவே கூடாது. கேட்டால் வேகாது. வேகாத பலகாரம் வந்த வீட்டுக்கு அந்த வருடம் விளங்காது.

பதினைந்து வருடமாக அதை அவித்தவள் என் மூத்த ஓரகத்தி கெக் குவீ. போன வருடம் அது வெளிறிப்போய் வந்தது. அதனால் இந்த முறை மாமியார் பானையை என்னிடம் கொடுத்தார். நன்றாக வந்தால் முன்னோர் படத்துக்குப் படைப்பது என் கை. இல்லையென்றால், கல்யாணமாகி வந்த மூன்று வருடமாகச் செய்வதுபோல வெங்காயம் உரித்துக்கொண்டே கிடக்க வேண்டியதுதான். என் நாக்கை நான் நம்பவில்லை. விடியலில் அடுப்பை மூட்டியதும் வாயைப் பூட்டிக்கொண்டேன்.

எட்டு மணிக்கு கெக் குவீ விசிறியோடு வந்து எதிரில் முக்காலி போட்டு உட்கார்ந்தாள். சுடுசொல் சொன்னால் பழி அவள்மேல் விழும். அதனால் தேன் ஒழுகப் பேசினாள்.

"எங் நியோ, உங்க ஊர்ல இதைக் கடையில வாங்கித்தான் படைப்பாங்களாமே? நல்ல வழக்கம்மா. அலைச்சல் மிச்சம்."

நான் விறகைத் தள்ளினேன்.

"உன் புருஷனுக்குப் பெரிய மனசு. நீ வைக்கிற குழம்பை ஒரு குறையும் சொல்லாம சாப்பிடுறார். அப்புறம் பாவம், பசியோட என் சட்டியத் தேடி வர்றார்."

பொய். அவர் வந்தது அவளுடைய ஊறுகாய்க்கு. பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. வெந்நீரை மொண்டு பானையில் ஊற்றினேன்.

மதியம் அவள் குரல் இன்னும் இனித்தது. "மூணு வருஷம் ஆச்சு. மடியில ஒண்ணையும் காணோம். உனக்காக நான் வேண்டாத சாமியில்ல தெரியுமா?"

கண்ணில் நீர் வந்துவிட்டது. அவளுக்கான பதில் நாக்கின் நுனியில் நின்றது. இரண்டு வெற்றிலையை மடித்து வாயில் திணித்துக்கொண்டு, அவளைப் பார்த்து எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தேன். அந்தச் சிரிப்புதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"என்னடி இது, கல்லுச் சிலை மாதிரி? வெந்துச்சா இல்லையா, அதையாவது சொல்லித் தொலையேன்."

கூடத்தில் சீட்டு விழும் சத்தம் நின்றது. அங்கே பக்கத்து வீட்டுக்காரிகளோடு ஆடிக்கொண்டிருந்த மாமியார் சீட்டைக் கையில் பிடித்தபடியே வந்து நின்றார்.

"யாரு கேட்டது?"

"மாக்," என்று அம்மாவை அழைக்கும் சொல்லிலேயே குழைந்தாள் கெக் குவீ. "நான் சும்மா ஒரு பேச்சுக்கு..."

"சும்மாவா? இனி இது வேகலேன்னா உன் தலையிலதான் விடியும். இத்தனை பேர் காதுல விழுந்தாச்சு."

அதற்குப் பிறகு நடந்ததைப் பார்க்க நூறு கண் வேண்டும். கெக் குவீ விசிறியை எறிந்துவிட்டு, கைலியைத் தூக்கிச் செருகிக்கொண்டு விறகு பிளந்தாள். வெந்நீர் காய்ச்சி வைத்தாள். மூடியின் ஓரம் ஆவி கசிந்த இடத்தில் ஈரத்துணி சுற்றினாள். "என் ராசாத்தி, நல்லா வந்துடும்மா," என்று பானையைக் கொஞ்சினாள். என் பலகாரம் நன்றாக வர வேண்டும் என்று என்னைவிட அதிகமாக வேண்டியவள் அவள்தான். நான் காலை நீட்டிக்கொண்டு வெற்றிலை மென்றேன்.

ஐந்து மணிக்கு மாமியார் மூடியைத் தூக்கினார். ஆவி அடங்க, இருபத்துநான்கு கூடையும் அடர்ந்த செம்பழுப்பில் பளபளத்தன. ஒன்றில்கூட வெளிறல் இல்லை. அவர் விரலால் ஒன்றை அமுக்கினார். அமுங்கி, மெல்ல எழும்பியது.

"நான் அவிச்ச காலத்துலகூட இந்த நிறம் வந்ததில்ல," என்றார். "தட்டை எடு எங் நியோ. நீயே கொண்டுபோய் வை."

கெக் குவீ சுவரில் சாய்ந்து மூச்சு விட்டாள். எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். பகல் முழுக்கச் சேர்த்து வைத்தது எப்படிக் கொட்டப்போகிறதோ என்ற பயம் அவள் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. நான் நிதானமாக வாய் கொப்பளித்தேன். தட்டைத் தூக்கினேன்.

"என்சோ," என்றேன், அண்ணன் மனைவிக்குரிய மரியாதையோடு. "ஊதுபத்திய எடுத்துக்கிட்டு என் பின்னால வாங்க."

வந்தாள்.