காருக்குள் இனிப்பு வாசம்

ராஜலிங்கம் செத்த பிறகும் காரை விட்டு இறங்கவில்லை என்று குடும்பத்தில் முடிவாகிவிட்டது. முதலில் சொன்னவள் அவருடைய தம்பி மனைவி தர்ஷனா. ஒரு மழை நாளில் ராஜலிங்கத்தின் மனைவி நிஷாந்தி ஓட்ட, பக்கத்து முன் சீட்டில், கடைசி மாதங்களில் அவர் உட்கார்ந்த இடத்தில், உட்கார்ந்தவள் மூக்கை உறிஞ்சினாள்.

"பாகு காய்ச்சுற மாதிரி வாசம் வருது, உங்களுக்கு வரலியாக்கா?"

சற்று நேரத்தில் முன் கண்ணாடியின் உள்பக்கம் மங்கியது. துடைத்த விரல் பிசுபிசுத்தது. காலடி விரிப்பு ஈரம். "யாரோ மூச்சு விடுறாங்க!" என்று கத்தியவள் வத்தேகம சந்தையிலேயே இறங்கிக்கொண்டாள்.

அன்றிலிருந்து தர்ஷனாவின் கணவர், நிஷாந்தியின் கொழுந்தன் சண்முகநாதன் விடவில்லை.

"அண்ணன் இத விட்டுப் போகமாட்டேங்கிறாரு அண்ணி. திவசத்துக்கு முன்னாடி வித்துருவோம். ஆளு பாத்துட்டேன். சனிக்கிழமை வந்து சாவிய வாங்கிக்கிறேன்."

"ஓட்டுறது நானு, விக்கிறது நீங்களா தம்பி?"

"பொம்பள தனியா இந்த ஓட்டை வண்டிய வச்சு என்ன செய்யப் போறீங்க?"

கணவர் நோயில் படுத்த பிறகுதான் நிஷாந்தி கார் ஓட்டப் பழகினாள். ஆஸ்பத்திரிக்கு அவரை ஏற்றி இறக்கியதெல்லாம் இந்தக் காரில்தான். வாசம் வந்த முதல் வாரம், வீதியோரம் நிறுத்திக் கண்ணாடியை இறக்காமல் அவளும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். ஆனால் எஞ்சின் சூட்டைத் தணிக்கும் பச்சைக் கூலண்ட், அவள் ஊற்ற ஊற்ற, போத்தலில் தினமும் மட்டம் இறங்கியது. வண்டிக்கு அடியில் ஒரு சொட்டுக்கூட இல்லை. செத்தவர்கள் கூலண்ட் குடிப்பதில்லை.

கெலிஓயா கராஜில் மெக்கானிக் அம்ஜத், அவளுக்கு ‘அம்ஜத் நானா’, விரிப்பைத் தொட்டுப் பார்த்தார்.

"இது ஏசித் தண்ணி மிஸ். டியூப்பு அடெச்சீக்கும்."

"ஏசித் தண்ணி பிசுபிசுக்குமா நானா? இனிக்கிற மாதிரி வாசம் வருமா?"

பழைய வேட்டியில் கிழித்த துண்டைக் காலடியில் விரித்தாள். எஞ்சினை ஓடவிட்டு ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்தாள். கண்ணாடி மங்கியது, வாசம் எழுந்தது. எடுத்துப் பார்த்தபோது வெள்ளைத் துணியில் பச்சைத் திட்டு. அம்ஜத் அதை முகர்ந்துவிட்டுச் சிரித்தார்.

"நீங்க சொல்றது சரி. இது கூலண்ட்தான், அதுதான் இனிக்கிற வாசம். டேஷ்போட்டுக்குப் பின்னால ஹீட்டர்ட குட்டி ரேடியேட்டர் ஒண்டு ஈக்கி. அது ஒழுகுது. அதுக்குப் போற ரெண்டு ஹோஸ் குழாயையும் வெளியில ஒண்டாச் சேத்து உட்டா முடிஞ்சி, ஹீட்டர் மட்டும் வேல செய்யாது. கண்டியில யாரு ஹீட்டர் போடுற?"

"எங்க ஊரு மடுல்கெல்லைக்கு மலை ஏறுறப்ப பனி மூடுனா, சேலையால கண்ணாடியத் தொடைச்சுக்கிட்டா ஓட்டுறது? கழட்டுங்க."

"டேஷ்போட் முழுக்கக் கழட்டோணும் மிஸ்."

"அதான் கழட்டுங்கன்னு சொல்றேன்."

கழற்றினார். உள்ளேயிருந்து வந்த ரேடியேட்டர் துருச்சேறு அப்பி, ஓரம் அரித்துக் கிடந்தது.

"முந்தி கூலண்டுக்குப் பதிலா வெறும் தண்ணி ஊத்தியீக்கி, அதான் துரு."

நிஷாந்திக்கு யார் என்று தெரியும். தான் ஓட்டிய காலத்தில் ஒவ்வொரு ஏற்றத்திலும் வண்டியை நிறுத்தி, பாதையோரப் பீலியில் கொட்டும் ஊற்று நீரைப் போத்தலில் பிடித்து, "மலைத் தண்ணியவிட மருந்து ஏது?" என்று ஊற்றிய மனுசன். அவர் வேலைதான் இது. ஆனால் பேய் வேலையில்லை.

"நல்லா ஊத்துனீங்க போங்க," என்று காலி சீட்டைப் பார்த்துத் திட்டினாள். கண் கலங்கியது. துடைக்கவில்லை.

பழைய வண்டியொன்றிலிருந்து எடுத்த நல்ல ரேடியேட்டரை அம்ஜத் பொருத்தினார். மூடியைத் திறந்து வைத்து, ஹீட்டரைப் போட்டு, காற்றுக் குமிழி வருவது நிற்கும்வரை கூலண்ட் ஊற்றியவள் நிஷாந்தி. வெள்ளைத் துணியில் இன்னொரு துண்டை விரித்தார்கள். கறை படவில்லை. விரிப்பைச் சவர்க்காரம் போட்டு அலசிக் காயவைத்தாள்.

சனிக்கிழமை சண்முகநாதன் தர்ஷனாவோடு வந்தார். தர்ஷனா காருக்குள் தலையை நீட்டி முகர்ந்தாள். முகம் வாடியது.

"வாசத்தக் காணோமேக்கா. மாமா போயிட்டாரா?"

"அவரு போனது மார்கழியில. இப்ப போனது கூலண்ட்."

"சரி அண்ணி, சாவிய..." என்று சண்முகநாதன் கையை நீட்டினார்.

"சாவி வண்டியில இருக்கு. வண்டி மடுல்கெல்லைக்குப் போகுது, திவசத்துக்கு அரிசி பருப்பு வாங்கிக்கிட்டு. வர்றதுன்னா பின்னாடி ஏறுங்க."

"ஏத்தத்துல நின்னுச்சுன்னா?"

"நின்னா நீங்க தள்ளுவீங்க தம்பி, நான் ஓட்டுவேன்."

தர்ஷனா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள். சண்முகநாதன் நீட்டிய கையால் பின் கதவைத் திறந்தார்.