தூங்கிப் போன ஓட்டு

என் வீட்டுக்காரர் ராஜாங்கத்துக்கு வயிற்றெரிச்சல். சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் ஆபரேட்டர். இருபத்தாறு வருஷமாக ஷிப்ட் மாற்றி ஷிப்ட் போகிற மனுஷனுக்கு வயிறு எரியாமல் இருந்தால்தான் ஆச்சரியம் என்று நானும் மோர், சீரகத் தண்ணி என்று கொடுத்துப் பார்த்தேன். கேட்கவில்லை. கடலூரில் ஒரு டாக்டரிடம் போனோம். "வாய் வழியா ட்யூப் விட்டு உள்ள பாத்துடலாம். லேசா ஒரு மயக்க ஊசி போட்டுடுவோம், ஒண்ணும் தெரியாது" என்றார்.

ட்யூப் என்றபோது அவர் அசையவில்லை. மயக்க ஊசி என்றதும் முகம் வெளுத்துவிட்டது.

"டாக்டர், அந்த ஊசி போட்டா ஆளு ஏதாச்சும் பேசுவாங்களா?"

"சில பேரு உளறுவாங்க. கவலைப்படாதீங்க."

அந்த நிமிஷத்திலிருந்து கவலைப்பட ஆரம்பித்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் குள்ளஞ்சாவடி வரைக்கும் வாயைத் திறக்கவில்லை. திறந்தபோது, "அம்சா, மயக்கத்துல ஆளுங்க உண்மையத்தான் பேசுவாங்களாமே?" என்றார்.

இருபத்துமூன்று வருஷம் கூடக் குடித்தனம் பண்ணியிருக்கிறேன். இந்த மனுஷனிடம் எனக்குத் தெரியாத உண்மை என்ன இருக்க முடியும்? பக்கத்து ஊர் மந்தாரக்குப்பத்தில் எவளாவது இருக்கிறாளா? வீட்டுக்கு வந்ததும் சட்டைப் பைகளைத் துழாவினேன். ஒரு பழைய கேண்டீன் டோக்கனும் ரெண்டு வயிற்றெரிச்சல் மாத்திரையும் கிடைத்தன. இதை வைத்துக்கொண்டு எவளையும் மயக்க முடியாது என்று கொஞ்சம் ஆறுதல். ஆனால் அந்த ஊசிக்காக நான் அவரைவிட ஆவலாகக் காத்திருக்கத் தொடங்கினேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

அவர் சும்மா இருக்கவில்லை. போனில் ஒரு மனோவசிய வீடியோவைத் தேடிப் பிடித்தார். கோட்டு போட்ட ஒருத்தர், "உங்கள் இமைகள் கனக்கின்றன… உங்கள் ஆழ்மனம் விழித்துக்கொள்கிறது…" என்று இழுத்து இழுத்துப் பேசுவார். அப்போது நாம் நினைக்கிறதை ஆழ்மனம் பிடித்துக்கொள்ளுமாம். தினமும் சாயங்காலம் பிளாஸ்டிக் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, "வாயத் தொறக்க மாட்டேன், வாயத் தொறக்க மாட்டேன்" என்று ஜபம் பண்ணினார். அவருக்கு இமை கனத்ததோ இல்லையோ, அடுப்படியில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த எனக்குக் கனத்துவிட்டது. பால் பொங்கி அடுப்பு அணைந்த பிறகுதான் முழித்தேன். அவர் கொட்டக் கொட்ட முழித்துக்கொண்டிருந்தார். ஆழ்மனதுக்கு என்ன போய்ச் சேர்ந்ததோ, நாக்குக்கு நன்றாகப் பழகிவிட்டது. கூட வேலை செய்கிற செல்வகுமார் டீ சொல்லட்டுமா என்று கேட்டதற்கு "வாயத் தொறக்க மாட்டேன்" என்றாராம்.

தனியாகப் போய் வருகிறேன் என்றார். கூட ஆள் வராமல் மயக்க ஊசி போட மாட்டோம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். என் தம்பி குழந்தைவேல், "நான் கார்ல கூட்டிகினு போறேன் மாமா" என்று வந்து நின்றான். நான் கூட வருகிறேன் என்றபோது வராத வியர்வை இவருக்கு இப்போது வந்தது. சரி, பொம்பளை விவகாரம் இல்லை, தம்பிக்குத் தெரியக்கூடாத சங்கதி என்று அப்போது புரிந்தது.

என் தம்பியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். சுரங்கக் குவார்ட்டர்ஸில் எங்கள் பிளாக்கிலேயே மூன்று வீடு தள்ளி இருக்கிறான். நல்லவன், ஆனால் தோற்கத் தெரியாதவன். மூன்று வருஷத்துக்கு முன்னால் பிளாக்கின் குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளர் தேர்தல் வந்தது. ஒரு குவார்ட்டர்ஸுக்கு ஒரு ஓட்டு, வீடு யார் பேரில் இருக்கிறதோ அவர்தான் போடணும். தம்பி ஒரே ஒரு ஓட்டில் தோற்றான். அந்த ஒன்று விழுந்திருந்தால் சமம், சீட்டு குலுக்கியிருப்பார்கள், குலுக்கலில் தன் பேர்தான் வந்திருக்கும் என்று இன்றைக்கும் அடித்துச் சொல்வான். போடுகிறேன் என்று சொல்லிவிட்டு யாரோ துரோகம் பண்ணிவிட்டார்கள். யார்?

மதிவாணன் என்று முடிவு கட்டினான். ஆதாரம், அன்று காலையில் ஜெயித்தவரோடு நின்று அவர் டீ குடித்தது. மதிவாணன் பிளாக் பிள்ளையார் கோயிலில் கையில் சூடம் ஏற்றி அணைத்துச் சத்தியம் பண்ணினார். "அது கலப்பட சூடம், சாமிகிட்ட செல்லாது" என்றான் என் தம்பி. அன்றோடு பாதி பிளாக் அவரிடம் பேச்சை நிறுத்தியது. நானும் அவர் சம்சாரம் கிருஷ்ணப்ரியாவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டவள்தான். மதிவாணனும் என் வீட்டுக்காரரும் ஒரே ஷிப்ட். ஒன்பது வருஷம் இவர் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வேலைக்குப் போனவர் அவர். "இனிமே அவன வண்டில ஏத்தாதீங்க மாமா" என்றான் தம்பி. இவர் ஏற்றவில்லை. மதிவாணன் ஒரு சைக்கிள் வாங்கிக்கொண்டார்.

புதன்கிழமை காலையில் ஊசி போட்டார்கள். முக்கால் மணி நேரம் கழித்துக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு வந்து திரைச்சீலைக்குப் பின்னால் விட்டார்கள். இர்ஃபானா என்று ஒரு நர்ஸ் பெண். "ஊசி வேகம் போற வரைக்கும் நல்லா முழிச்ச மாதிரியே பேசுவாருங்கம்மா. ஆனா எதுவும் மனசுல நிக்காது. வூட்டுக்குப் போயி கேட்டீங்கன்னா ஒண்ணுமே ஞாபகம் இருக்காது" என்றது. நான் ஸ்டூலை இழுத்துக் கட்டிலோடு ஒட்டிப் போட்டுக்கொண்டேன்.

கண்ணைத் திறந்தார். என்னைப் பார்க்கவே இல்லை. நேராக என் தம்பியின் கையைப் பிடித்தார்.

"குழந்த, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். நான் ஓட்டே போடலடா. தூங்கிகினு இருந்தேன்."

இவருக்குக் கண்ணீர் காதுவரைக்கும் ஓடியது. "ராத்திரி ஷிப்ட் முடிச்சிட்டு வந்து படுத்தேன். முழிச்சா மணி அஞ்சர. அஞ்சுக்கே மூடிட்டாங்க. வெளிய வந்தா நீ கட்டிப் புடிச்சிகினு, 'ஓட்டு போட்டுட்டீங்களாமே மாமா, அக்கா சொன்னாங்க'ன்ற. நான் என்னா சொல்றது?"

எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. அன்று நான் மேல்பட்டாம்பாக்கத்தில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தேன். மூன்று மணிக்குப் போன் பண்ணி ஓட்டு போட்டாச்சா என்று கேட்டேன். "அப்பவே போட்டுட்டேன், லைன்ல நாலு பேருதான் இருந்தாங்க" என்றார். அதைத்தான் நான் தம்பிக்குப் போனில் சொன்னேன். ராத்திரி ஷிப்ட் ஆட்களின் தூக்கம் அப்படித்தான். கேஸ் புக் எங்கே என்று கேட்டால் குறட்டையை நிறுத்தாமலே அலமாரிக்கு மேல் என்று சரியாகச் சொல்வார்கள். ஆனால் இவர் தூக்கத்திலேயே லைன் கட்டி நாலு பேரை நிறுத்தியிருக்கிறார்! தூக்கத்தில் சொன்ன பொய்யை நான் மன்னிப்பேன். முழித்த பிறகு மூன்று வருஷம் அதைக் கட்டிக் காப்பாற்றினார் பாருங்கள், அதுதான் எனக்கு ஆறவில்லை.

தம்பி வாயைத் திறக்குமுன் இவர் கண்ணை மூடிவிட்டார். ஐந்து நிமிஷம் கழித்துத் திறந்தார். தம்பியின் கையைப் பிடித்தார்.

"குழந்த, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். நான் ஓட்டே போடலடா."

அதே அழுகை, அதே கண்ணீர். மூன்றாம் தடவையும் அப்படியே. பக்கத்துக் கட்டில்காரர் திரையை விலக்கி எட்டிப் பார்த்தார். நாலாம் தடவை, "குழந்த, உங்கிட்ட ஒண்ணு…" என்று இவர் ஆரம்பித்ததும் தம்பி, "தெரியும் மாமா. தூங்கிகினு இருந்தீங்க, ஓட்டு போடல" என்றான்.

இவர் அரண்டுபோய்த் தலையைத் தூக்கினார். "உனக்கு எப்பிடித் தெரியும்? எவன் சொன்னான்?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டேன். அப்போது அவர் குரலைத் தாழ்த்தி இன்னொன்று சொன்னார். "மதிவாணன் பாவம்டா. எதிர்காத்துல சைக்கிள் மிதிச்சிகினு போறான். நான் ஹெல்மெட் கண்ணாடிய எறக்கி வுட்டுகினு அவன தாண்டிப் போறேன். தெனமும் தாண்டிப் போறேன்." என் சிரிப்பு நின்றுவிட்டது. தம்பி எழுந்து வராந்தாவுக்குப் போனான். திரும்பி வந்தபோது மூஞ்சி கழுவியிருந்தான்.

எங்களை வீட்டில் இறக்கிவிட்ட கையோடு தம்பி நேராக மதிவாணன் வீட்டுக்குப் போனான். நானும் பின்னாலேயே போனேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டான். தோற்கத் தெரியாதவன் அன்றைக்கு ஒழுங்காகத் தோற்றான். நானும் கிருஷ்ணப்ரியாவிடம் கேட்டேன். மதிவாணன் எங்கள் தோளுக்குப் பின்னால் வாசலை எட்டிப் பார்த்தார். பிறகு, "அண்ணன் எங்க அண்ணி?" என்றார்.

"தூங்குறாருங்க. ஆஸ்பத்திரியில பேசினது எதுவும் அவருக்குத் தெரியாது. நாமளா சொல்ல வாணாம். ஊசி சொன்னதெல்லாம் சொன்னதா ஆவாது. அந்த மனுஷனே முழிச்சிகினு வந்து சொல்லட்டும்" என்றேன். மூன்று பேரும் தலையாட்டினார்கள்.

சாயங்காலம் முழித்ததும் இவர் கேட்ட முதல் கேள்வி, "நான் ஏதாச்சும் பேசினனா?"

"குறட்டை வுட்டீங்க. வேற ஒண்ணுமில்ல."

அந்த முகத்தில் வந்த நிம்மதி இருக்கிறதே! மனோவசியம் பலித்துவிட்டது என்று பூரித்துப்போய் நாலு இட்லி சாப்பிட்டார். வியாழன் போனது, வெள்ளி போனது. வீடியோக்காரருக்கு ரொம்ப நன்றி என்று கீழே எழுதி வேறு போட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த ஆளை நம்பி மூன்று பேரை வாயைக் கட்டிக்கொண்டு உட்காரச் சொன்னேனே, ஒரேயடியாக எல்லோரும் சேர்ந்து போட்டுடைத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கறி வாங்கப் போனவர் வெறும் பையோடு திரும்பி வந்தார். அடுப்படி வாசலில் நின்றார்.

"அம்சா, ஒண்ணு சொல்லணும். கடையில மதிவாணன் நின்னான். எனக்கு வழி வுட்டு ஒதுங்குறான். நான் ஏதோ பெரிய மனுஷனாட்டம்." எல்லாவற்றையும் சொன்னார். ஐந்தாம் தடவையாகக் கேட்கிறேன். ஆனாலும் எனக்கு அழுகை வந்தது. ஆஸ்பத்திரியில் அவர் அழுதார். இங்கே அழவில்லை. "இப்பவே போறேன். உந்தம்பி என்னா சொன்னாலும் சரி" என்று சட்டைப் பித்தானை மேலும் கீழுமாக மாற்றிப் போட்டுக்கொண்டு கிளம்பினார். நான் கூடவே போனேன்.

மதிவாணனும் ஒத்திகை பார்த்து வைத்திருப்பார்போல. இவர் சொல்லி முடித்ததும், "ஐயையோ, அப்பிடியாண்ணா!" என்று நெஞ்சில் கை வைத்தார். அவ்வளவு மோசமான நடிப்பை நான் பார்த்ததில்லை. கிருஷ்ணப்ரியா சிரிப்பை அடக்கமுடியாமல் உள்ளே ஓடிவிட்டது. இவர் எதையும் கவனிக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே, "எனக்காக நீ பட்ட, மதி. தெரிஞ்சே வுட்டுட்டேன்" என்றார்.

மதிவாணன் நெஞ்சிலிருந்து கையை எடுத்தார். அதற்குப் பிறகு அவர் நடிக்கவில்லை. "மூணு வருஷம்ணா" என்றார். முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

கொஞ்சம் பொறுத்து இவர், "நாளைக்கு காலை ஷிப்ட். வண்டியில வரியா?" என்று கேட்டார்.

"வாணாம்ணா. கோவமெல்லாம் இல்ல. சைக்கிள் பழகிப்போச்சி."

இவர் சரி என்று தலையாட்டினார். அன்று மத்தியானம் ஷெட்டில் ஏதோ உருட்டுகிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால், எங்கள் மகள் பவித்ரா காலேஜ் போனபோது விட்டுவிட்டுப் போன சைக்கிள், முன்னால் கூடை வைத்தது, ரோஸ் கலர், அதற்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை ஐந்து மணிக்கு ஹெல்மெட்டைக் கூடையில் வைத்துக்கொண்டு மதிவாணன் வீட்டு வாசலில் போய் நின்றார். மதிவாணன் வெளியே வந்தார், சைக்கிளைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், தன் சைக்கிளை எடுத்தார். ரெண்டு பேரும் கிளம்பினார்கள். முதல் முக்கு திரும்புவதற்குள் இவருக்கு மூச்சு வாங்கி, சைக்கிள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போனது. முன்னால் போய்விட்ட மதிவாணன் திரும்பிப் பார்த்து, ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றார். இவர் வந்து சேரும்வரை நின்றார். அன்றைக்கு ரெண்டு பேரும் ஷிப்டுக்குப் பத்து நிமிஷம் லேட்.