அப்பா தூங்குகிறார்

எங்கள் பாலர் பள்ளியில் ஒரு வேடிக்கையான வழக்கம் உண்டு. பிளோவ்திவ் நகரில், பழைய வாசகசாலையின் கீழ்த்தளத்தில், பெற்றோர்களான நாங்களே சேர்ந்து நடத்துகிற பள்ளி அது. சேர வருகிற பிள்ளை ஒரு காலைப்பொழுது முழுக்க மற்றப் பிள்ளைகளோடு இருக்க வேண்டும். கூட வந்தவர் சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்காரலாம்; பிள்ளையின் விஷயத்தில் தலையிடக் கூடாது. இடம் உண்டா இல்லையா என்று சொல்வது டீச்சர் இல்லை, அன்று சமையல் முறை யாருக்கோ அவர்தான். சோறு போடுகிறவளுக்குத்தான் பிள்ளையின் குணம் தெரியும் என்று எப்போதோ யாரோ சொல்லப்போக, அதுவே சட்டமாகிவிட்டது.

அந்தச் செவ்வாய்க்கிழமை என் முறை. புதினா போட்டு பீன்ஸ் சூப் கொதித்துக்கொண்டிருந்தது. நான்கு வயது மகன் போஜோவைக் கையில் பிடித்துக்கொண்டு ரொசீத்சா வந்தாள். பக்கத்து அடுக்குமாடியில்தான் வீடு.

"கொஞ்சம் கூச்சம்க்கா. வீட்ல வாயே மூட மாட்டான்" என்றாள்.

"அப்ப என் மகளுக்கு ஜோடி கிடைச்சாச்சு. அவ வாய்க்குப் பூட்டே கிடையாது" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. இருந்தது ஒரே ஓர் இடம். வேறெங்கும் கிடைக்காமல் அலைந்துவிட்டு இங்கே வந்திருக்கிறாள். இதுவும் இல்லையென்றால் பையனை மலையூரான ஸ்மோல்யானில் நாத்தனார் வீட்டில் விட்டுவிட்டு இவள் தையல் ஃபேக்டரிக்குப் போக வேண்டும். "மாசத்துக்கு ஒரு தடவ போய்ப் பாத்துக்கலாங்கறார் அவரு. என்னால முடியாதுக்கா" என்றாள்.

நான் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே பையனைக் கவனித்தேன். ஈஸ்க்ரா டீச்சர் பெயர் கேட்டாள். பதில் இல்லை. மிளகாய்ப்பழ விழுது தடவிய ரொட்டியை நீட்டினாள். வாங்கித் தின்றான், அவ்வளவுதான். தீயணைப்பு வண்டி பொம்மையை எடுத்தவன், அதைத் திரும்ப வைக்கும்போது அடியில் தன் விரல்களைக் கொடுத்து, சத்தமே வராமல் தரையில் இறக்கினான். நடையும் அப்படித்தான், பூனை நடை. ஆசாரி வீட்டில் கன்னம் வைக்க வந்த திருடன்கூட அவ்வளவு பதனமாக நடக்க மாட்டான்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ரொசீத்சா, நெசத்தச் சொல்லு. இவன் பேசுவானா?"

அவள் முந்தானை இல்லாத குறைக்கு ஸ்வெட்டர் கையால் கண்ணைத் துடைத்தாள். "ரெண்டு வயசுல பேசினான்க்கா. அம்மா, அப்பா, தண்ணி, பஸ்ஸு... அப்புறம் ஒண்ணொண்ணா போயிடுச்சு. காது நல்லாருக்கு, தொண்டை நல்லாருக்குங்கறாங்க டாக்டருங்க. முதல் அடி வச்சப்போ, பெரியவனானா என்ன வேலைக்குப் போவான்னு பாக்க, சாமானெல்லாம் தரையில பரப்பி ஒண்ண எடுக்கவிட்டோமே, அப்ப எத எடுத்தான் தெரியுமா? மைக்கு! பாட்டுக்காரன்தான்னு வீடே சிரிச்சுது."

பாவமாகத்தான் இருந்தது. ஆனால் முகத்துக்கு நேரே பொய் சொன்னாளே! ஏற்கெனவே பதினாறு வாலில்லாத குரங்குகள். ஈஸ்க்ரா ஒருத்தி என்னத்தைப் பார்ப்பாள்? இல்லை என்று சொல்லிவிடத் தீர்மானித்து, சூப்பை ஒரு கிளறு கிளறினேன்.

அந்த நேரம் பார்த்து என் மகள் மெனி, போஜோவைத் தரதரவென்று இழுத்துப்போய் வீட்டு விளையாட்டில் சேர்த்துவிட்டாள். "நாந்தான் அம்மா. நீ பிள்ளை. கரடி அப்பா. அப்பா தூங்குறாரு" என்று பெரிய கரடி பொம்மையை, பிள்ளைகள் தூங்கும் குட்டிக் கட்டிலில் போட்டுப் போர்த்தினாள். பிறகு என் சமையலறையிலிருந்து கடத்திக்கொண்டு போயிருந்த இரண்டு மூடிகளை எடுத்து ஜால்ரா போலத் தட்டினாள். "எந்திரிங்க! சாப்பாடு ரெடி!"

"சத்தம் போடாதே!"

அந்தக் கத்தலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. "அப்பா முழிச்சிருவாரு! செத்துப்போயிருவாரு!"

என் கரண்டி நழுவிச் சூப்புக்குள் விழுந்தது. பதினாறு பிள்ளைகளும் வாயடைத்துப் போனார்கள், மெனி உட்பட. கத்தியது போஜோதான். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைக்க, கரடியின் காதுகளை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு நின்றான்.

ரொசீத்சா எழுந்தாள். அவள் கால் தட்டி நாற்காலி சாய்ந்தது. அதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

டீச்சர் மண்டியிட்டாள். "யாருடா கண்ணு செத்துப்போயிருவாங்க?"

"அப்பா. சத்தம் போட்டா அப்பாக்குத் தூக்கம் போயிரும். அப்புறம் பஸ்ஸு ஆத்துல விழுந்துரும். அம்மா சொன்னாங்க." திக்கவில்லை, திணறவில்லை. கோத்து வைத்திருந்தவன் போல வரிசையாகச் சொன்னான்.

"ஒரே ஒரு தடவ... எப்பவோ கோவத்துல..." என்றாள் ரொசீத்சா. அவள் புருஷன் சப்ரியான் இஸ்தான்புல்லுக்கு ராத்திரி பஸ் ஓட்டுகிறான். பகலெல்லாம் தூக்கம். வீடோ ஒற்றை அறை. அந்த வேலைக்கு அவன் போனது இரண்டு வருஷத்துக்கு முன்னால். வார்த்தைகள் ஒன்றொன்றாகப் போனதும் அப்போதுதான்.

இரண்டு வருஷமாக அப்பாவின் உயிரை வாய்க்குள் அடைகாத்துக்கொண்டு திரிந்திருக்கிறது அந்தக் குஞ்சு. நானோ அதற்கு இடமில்லை என்று சொல்லக் கரண்டியோடு நின்றிருக்கிறேன்.

"போன் போட்டு வரச்சொல்லுடி அவன!" என்றேன்.

அவள் போனை எடுத்ததும் பையன் பாய்ந்து வந்து அவள் கையில் தொங்கினான். "வேணாம்மா! எழுப்பாதம்மா! அம்மா!" அதற்குள் அந்தப் பக்கம் போன் மணி அடித்துவிட்டது.

சப்ரியான் பைஜாமாவோடும் வீட்டுச் செருப்போடும் ஓடிவந்தான். "என்னாச்சு? அடிபட்டுச்சா?"

"ஏம்பா எந்திரிச்ச?" என்றான் போஜோ அழுதுகொண்டே.

அந்தத் தடித்த ஆள் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டான். ரொசீத்சா அழுகையும் பேச்சுமாக விஷயத்தைச் சொல்லச் சொல்ல, அவன் மகனையே பார்த்துக்கொண்டிருந்தான். மகன் அவன் விரலைப் பிடித்துக் கட்டிலுக்கு இழுத்தான். "படு. தூங்கு."

படுத்தான். முழங்காலுக்குக் கீழே கால்கள் கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. "பிள்ளைங்களா, போடுங்க சத்தம்! பஸ் ஸ்டாண்டுல தூங்குறவன் நானு!" என்றான்.

மெனிக்கு இரண்டாவது தடவை சொல்ல வேண்டியதில்லை. மூடி, டப்பா, மரக்கட்டை என்று எல்லாம் முழங்கின. போஜோ வெடவெடவென்று நடுங்கிக்கொண்டு கட்டிலருகில் நின்றான். கொஞ்ச நேரத்தில், நடிப்பாகப் படுத்தவன் ராத்திரி முழுக்க வண்டி ஓட்டிய அசதியில் நிஜமாகவே குறட்டை விட ஆரம்பித்தான்.

பையன் தன் உள்ளங்கையை அப்பாவின் மூக்கடியில் வைத்துப் பார்த்தான். எடுத்தான். நம்பாமல் மறுபடியும் வைத்தான். மூச்சு வந்தது.

பிறகு திரும்பி, தொம் தொம்மென்று தரை அதிர நடந்து என் சமையலறை வாசலுக்கு வந்து நின்றான்.

"எனக்குச் சூப்பு!" என்று கத்தினான்.

இடம் உண்டு என்று நான் ரொசீத்சாவிடம் சொன்னேன். அந்த இரைச்சலில் அவளுக்குக் கேட்கவில்லை. தொண்டை கிழிய இன்னொரு தடவை கத்திச் சொல்ல வேண்டியிருந்தது.