ஃப்ளாஸ்க்கில் வளர்ந்தது

ஃபெலோஷிப் கிடைத்துவிட்டது என்ற மின்னஞ்சல் வந்தபோது அவள் பாப்பாவுக்கு மூக்குச் சிந்திவிட்டுக்கொண்டிருந்தாள். ஒரு கையில் பிள்ளையின் மூக்கு, இன்னொரு கையில் போன். படித்தாள். நம்பாமல் மறுபடியும் படித்தாள்.

"ஏங்க, இங்க வாங்களேன். நான் படிக்கிறது சரிதானான்னு பார்த்துச் சொல்லுங்க."

கணவன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். விடைத்தாள் திருத்தும் பழக்கத்தில் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்துவிட்டு, "டாக்டரம்மா, நூத்துக்கு நூறு" என்றான். அவள் ஊசி போடுகிற டாக்டர் இல்லை, ஆராய்ச்சி செய்து வாங்கிய பட்டம். ஆனாலும் பக்கத்து வீட்டார் இன்னும் அவளிடம்தான் இருமலுக்கு மருந்து கேட்கிறார்கள். அதனால் வீட்டில் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

முனைவர் பட்டம் முடித்த பெண்களை இரண்டு வருடம் வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும் உதவி அது. குடும்பத்தோடு போகலாம், பிள்ளையின் காப்பகச் செலவையும் அவர்களே ஏற்பார்கள். பட்டம் வாங்கிக் குறிப்பிட்ட வருடங்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பிள்ளை பெற்றவர்களுக்கு ஒரு வருடம் கூட்டித் தருவார்கள். அப்படிக் கூட்டித் தந்த வருடத்தையும் அவள் தின்று தீர்த்திருந்தாள். இந்த முறை விட்டால் அடுத்த முறை என்ற பேச்சே கிடையாது.

கணவன் சம்பளமில்லாத விடுப்புக்கு எழுதிக் கொடுத்தான். வாடகை வீட்டைக் காலி செய்வதாகச் சொல்லியாயிற்று. எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் "எங்க வீட்டம்மா தயவுல நானும் விமானத்துல ஏறப்போறேன்" என்று சொல்லிச் சிரித்தான். அப்படிச் சொல்வதில் அவனுக்குத் துளியும் கூச்சமில்லை. அந்த ஒரு குணத்துக்காகவே அவனுடைய ஆயிரம் குற்றத்தை மன்னிக்கலாம்.

அவள் வேலை செல் வளர்ப்பது. நோயாளியின் கட்டியிலிருந்து எடுத்த புற்றுநோய்ச் செல்களை, உள்ளங்கை அகலத்துக்கு இருக்கும் தட்டையான பிளாஸ்டிக் ஃப்ளாஸ்க்கில் தீனி ஊற்றி வளர்த்து, மருந்து கொடுத்துப் பார்ப்பாள். அந்தக் கட்டி ஒரு பஸ் கண்டக்டர் அம்மாவுடையது. ஆபரேஷனுக்கு முன் சம்மதம் கேட்கப் போனபோது, "எடுத்துக்கோம்மா, எனக்கு அது தொல்லைதானே? யாருக்காவது பிரயோஜனப்பட்டாச் சரி" என்று கையெழுத்துப் போட்டார். பிறகு அதிக நாள் இருக்கவில்லை. அவருடைய செல்கள் மட்டும் இருந்தன. சோம்பேறிச் செல்கள். ஒரு ஃப்ளாஸ்க் நிறைய மூன்று வாரம் எடுக்கும்.

பிள்ளைப்பேற்றுக்காக ஆறு மாதம் விடுப்பில் போனபோது அவற்றை ஜூனியர் பெண்ணிடம் ஒப்படைத்தாள். எப்போதும் எதையாவது முணுமுணுத்துப் பாடிக்கொண்டே இருப்பதால் ஆய்வகத்தில் அவளுக்குச் சில்வண்டு என்று பெயர். திரும்பி வந்து பார்த்தால் செல்கள் மளமளவென்று வளர்ந்து நின்றன. "உங்க பாப்பாவோட போட்டி போட்டு வளருது அக்கா" என்றாள் சில்வண்டு. பழகப் பழகச் செல் வேகமாக வளர்வது உண்டுதான். கொஞ்சம் உருண்டையாக மாறியிருப்பதுபோல் கண்ணுக்குத் தெரிந்தது, மனசு அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தூக்கமில்லாத தாய்க்கு ஒரு காரியமாவது சுளுவாக நடக்கிறதே என்று கும்பிடத் தோன்றுமே தவிர, சந்தேகப்படத் தோன்றாது. சோதித்துப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. அந்தச் செல்களில் ஒரு மருந்து அபாரமாக வேலை செய்தது. கட்டுரை வந்தது, ஃபெலோஷிப்பும் வந்தது.

போகப்போகும் ஆய்வகம் ஒரே ஒரு சான்றிதழ் கேட்டது. அந்தச் செல்கள் அந்த நோயாளியுடையவைதான் என்று மரபணுவைப் பார்த்துச் சொல்லும் சோதனை. எல்லோரும் கேட்பதுதான். அவளும் சோதனைக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு மறந்துபோனாள்.

முடிவை அவள் இரண்டு முறை படித்தாள். கண்டக்டர் அம்மாவின் செல்கள் இல்லை. எந்த ஊர் ஆய்வகத்திலும் களை மாதிரி வளரும், எல்லோரிடமும் இருக்கும், சாதாரணச் செல்கள்.

நேரே உறைபெட்டிக்குப் போனாள். அவளே விடுப்புக்கு முன் உறைய வைத்த மூன்று குப்பிகளில் ஒன்றுதான் மிச்சமிருந்தது. அதை உருக்கி வளர்த்துப் பார்க்க ஒரு வாரம் ஆயிற்று. மைக்ரோஸ்கோப்பின் கீழே அவை ஒட்டியிருந்த விதத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. நீளநீளமாக, முனை கூராக, சோம்பல் பிடித்துக் கிடந்தன. இத்தனை நாள் அவள் சீராட்டியது வேறு யாருடைய பிள்ளையையோ.

சில்வண்டைக் குளிர் அறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"என் செல்லை என்ன பண்ணினே?"

பாட்டு நின்றது. பொய் சொல்லக்கூட அந்தப் பெண் முயலவில்லை. "செத்துப்போச்சு அக்கா. தொடர்ந்து லீவு வந்துச்சு, செல் வளர்ற இன்குபேட்டருக்குப் போற கேஸ் சிலிண்டர் தீர்ந்ததை நான் பார்க்கல. ரெண்டு குப்பி உருக்கினேன், ரெண்டும் பிழைக்கல. மூணாவதைத் தொடப் பயமா இருந்துச்சு. அதான்... வேற செல்லை எடுத்து உங்க ஃப்ளாஸ்க்ல ஊத்திட்டேன். அப்புறம் சொல்லிக்கலாம்னு நினைச்சேன். நீங்க வந்து அதைப் பார்த்துச் சிரிச்சீங்க. சொல்ல வாய் வரல."

"ஏன்டி? செத்துப்போச்சுன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன?"

"பயந்துட்டேன்." அதற்கு மேல் அவள் வாயைத் திறக்கவில்லை.

அடித்திருப்பாள். கை ஓங்கியதை அவளே பார்த்தாள், பார்த்து இறக்கிக்கொண்டாள். வெறுப்பு மட்டும் இறங்கவில்லை. இந்தப் பெண்ணுக்கு எத்தனை நாள் தன் சாப்பாட்டில் பாதியைக் கொடுத்திருப்போம் என்றெல்லாம் அற்பமாகக் கணக்குப் போட்டது மனசு.

வீட்டில் சொன்னபோது கணவன் பெட்டி கட்டிக்கொண்டிருந்த கயிற்றைக் கீழே வைத்தான். பிறகு, "சொல்லாமப் போனா என்ன?" என்றான். "அங்க போய் நல்ல செல்லை வச்சுப் புதுசா ஆரம்பியேன். யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே. அந்தக் கட்டுரையை நம்பி இன்னொருத்தர் மருந்து பண்ணுவாங்க. அதை ஒரு ஜீவன் முழுங்கும்."

"நான் தப்பாச் சொல்லல..."

"தப்பாத்தான் சொல்றீங்க. நானும் நாலு நாளா அதையேதான் நினைச்சுக்கிட்டு இருக்கேன். அதனால உங்களைத் திட்ட முடியல."

கட்டிப்போட்ட பெட்டிகளுக்கு நடுவே இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். பாப்பா ஒரு பெட்டிக்குள் ஏறி இறங்கி விளையாடிக்கொண்டிருந்தது. கடைசியில் அவன், "சரி, சொல்லிடு. யாராலேன்னும் சொல்லிடு. அடுத்தவ செஞ்சதுக்கு நீ ஏன் தலையைக் கொடுக்கணும்?" என்றான். அதில் அவளுக்கும் மறுப்பு இல்லை.

ஆய்வகத் தலைவரைப் பெரியவர் என்பார்கள். கோபம் வந்தால் அவர் குரல் உயராது. மூக்குக்கண்ணாடி மட்டும் கழன்று மேசைக்கு வரும். அன்று அவள் சொல்லத் தொடங்கியதுமே கண்ணாடி மேசைக்கு வந்துவிட்டது. சில்வண்டு கதவோரமாக நின்றாள்.

"பிள்ளை நினைப்புல நீயே எதையாவது மாத்தி ஊத்தியிருப்பே" என்றார் பெரியவர், எதையும் முழுதாகக் கேட்காமலே.

"இல்ல சார். நான் ஆஸ்பத்திரியில கிடந்தப்போ நடந்தது. இவதான் மாத்தினா. ஒத்துக்கிட்டா."

பெரியவர் திரும்பிப் பார்த்தார். ஒரு நிமிடத்தில் அவருக்கு வழி பிறந்துவிட்டது. "அப்போ விஷயம் சுலபம். கட்டுரையைத் திரும்ப வாங்கிக்குவோம். ஒரு மாணவி யாருக்கும் தெரியாமப் பண்ணின மோசடின்னு ஃபெலோஷிப் கமிட்டிக்கு எழுது. நானும் எழுதறேன். இவளை இன்னைக்கே அனுப்பிடலாம். உன்மேல ஒரு கறையும் இல்லாம நீ போய்ட்டு வா."

அவளுக்கு மூச்சு வந்தது. உண்மையும் சொன்னதாயிற்று, பயணமும் பிழைத்தது. இவ்வளவு நாளும் இப்படி ஒரு வழி இருப்பது தெரியாமல் செத்துக்கொண்டிருந்தோமே என்றுகூட நினைத்தாள். நினைத்ததைப் பிற்பாடு அவளே ஒத்துக்கொண்டாள்.

"சார்" என்றாள் சில்வண்டு. முதல் முறையாக அந்தக் குரலில் பாட்டின் சாயலே இல்லை. "அந்த வெள்ளிக்கிழமை நீங்க என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா?"

"என்ன சொன்னேன்?"

"இன்குபேட்டர்ல செல்லெல்லாம் செத்துருச்சுன்னு கேள்விப்பட்டு வந்தீங்க. 'திங்கட்கிழமை வந்து பார்ப்பேன். அவ செல் உயிரோட இல்லைன்னா அவ வேலை செய்யற பெஞ்சை அந்தப் புதுப் பையனுக்குக் கொடுத்துடுவேன். பிள்ளை பெத்துக்கப் போனவ பிள்ளையைப் பார்த்துக்கட்டும்'னு சொன்னீங்க. அக்காவுக்குக் குழந்தை பிறந்து நாலு நாள்கூட ஆகல. ஞாயித்துக்கிழமை பூரா இங்கயே உட்கார்ந்து அந்த ரெண்டு குப்பியும் பிழைக்குமான்னு பார்த்தேன். பிழைக்கல. அதான் ஊத்தினேன்."

"அதெல்லாம் நான் பொதுவாச் சொல்றது."

"திங்கட்கிழமை வந்து பார்த்தீங்களே சார். பார்த்துட்டுத்தானே பெஞ்சை விட்டுவச்சீங்க?"

பெரியவர் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார்.

அவள் சில்வண்டைத் திரும்பிப் பார்த்தாள். தன்னைப் பாழாக்கியவள் என்று யாரை நினைத்துப் பல்லைக் கடித்தாளோ, அவளால்தான் திரும்பி வந்து உட்கார ஓர் இடம் இருந்தது. அந்தத் திருட்டுத்தனம் இல்லாவிட்டால் ஃபெலோஷிப்பே இல்லை, இருந்ததால் ஃபெலோஷிப் போகிறது. யாரை வெறுப்பது என்றே புரியவில்லை. "குளிர் அறையில கேட்டப்போ ஏன் இதைச் சொல்லல?" என்றாள்.

"சொன்னா உங்களுக்காகப் பண்ணினேன்னு ஆகிடும். பண்ணினது நான்தானே அக்கா."

அன்று மாலையே கமிட்டிக்கு எழுதினாள். செல்கள் மாறியதை எழுதினாள். திரும்பி வந்ததும் சோதிக்காதது தன் பிழை என்று எழுதினாள். மாற்றியது யார் என்று எழுதினாள். அதோடு, எந்த வார்த்தைக்குப் பயந்து மாற்றினாள் என்பதையும் பெரியவர் சொன்ன வாக்கியமாகவே எழுதி அனுப்பிவிட்டாள்.

சில்வண்டை அடுத்த நாளே வெளியேற்றினார்கள். கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தில் பெரியவர் கையெழுத்துப் போட்டார். ஃபெலோஷிப்புக்கான சம்மதக் கடிதத்தில் மட்டும் போட மறுத்தார். அது இல்லாமல் யாரும் போக முடியாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கமிட்டியின் தலைவி கூப்பிட்டார். அந்தத் துறையில் பெரிய பெயர். அவள் படித்த பாடப்புத்தகத்திலேயே அவர் படம் உண்டு. கணவன் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து காதை நீட்டினான்.

"உங்க கடிதத்தைப் பார்த்தேன். நாணயமா எழுதியிருக்கீங்க. ஆறு மாசம் தள்ளிவைக்கிறோம், நல்ல செல்லை வச்சு மறுபடி செஞ்சு காட்டிட்டு நீங்க போகலாம். கமிட்டியில எல்லாரையும் சம்மதிக்க வச்சுட்டேன்."

கணவன் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டான்.

"ஒண்ணே ஒண்ணு. உங்க ப்ரொஃபசர் சொன்னதா ஒரு வரி இருக்கு பாருங்க, அதை எடுத்துட்டு அனுப்புங்க. கையெழுத்துப் போடறேன்னு சொல்லிட்டார்."

"அந்தப் பொண்ணைப் பத்தின வரி?"

"அது இருக்கட்டும். அதுதானே நடந்தது?"

"இதுவும் நடந்ததுதான் மேடம். இதை எடுத்துட்டா அவ சும்மா ஒரு திருடியா நிப்பா."

"நீங்க ரெண்டு வருஷத்தைப் பத்தி யோசிக்கணும். அந்தப் பொண்ணுக்கு நீங்க இனிமே ஒண்ணும் பண்ண முடியாது."

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் முகம் கெஞ்சியது. வாயைத் திறந்தான். அதற்குள் அவள் சொல்லிவிட்டாள். "வேணாம் மேடம். அந்த வரி இருக்கட்டும்."

வைத்துவிட்டாரோ என்று போனைப் பார்த்தாள். வைக்கவில்லை.

"என்கிட்டயும் ஒருத்தர் அந்த வரியையேதான் சொன்னார்" என்றார் அந்த அம்மா. பாடப்புத்தகத்துக் குரல் எங்கோ போயிருந்தது. "கிட்டத்தட்ட அதே வார்த்தை. நான் பெத்துக்கவே இல்ல."

அவள், "மேடம்" என்றாள்.

"பட்டியல்ல அடுத்த பெயருக்குக் கொடுக்கறதுன்னா நாளைக்கே அறிவிக்கணும். விதி அப்படி." குரல் பழையபடி நிமிர்ந்துகொண்டது. "உடம்பைப் பார்த்துக்குங்க." போன் அணைந்தது.

நல்லது செய்தால் நெஞ்சு லேசாகும் என்று சொல்கிறவர்களை இழுத்து வந்து அந்த வீட்டில் அந்தக் காலை உட்கார வைத்திருக்க வேண்டும். அவள் வாய்விட்டு அழுதாள். பிள்ளை பயந்து மடியில் ஏறிக்கொண்டது. கணவன் சமாதானம் சொல்லவில்லை, கோபித்துக்கொள்ளவும் இல்லை. வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, "நாங்க காலி பண்ணல சார், வேற யாருக்கும் பேசிடாதீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தான். முகத்தைக் கழுவிக்கொண்டு அவள் செருப்பை மாட்டினாள். கண்டக்டர் அம்மாவின் செல்களுக்கு அன்றைக்குத் தீனி மாற்ற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என்பதெல்லாம் அவற்றுக்குத் தெரியாது, மாற்றிவிட வேறு ஆளும் இல்லை.