கிருபையே என்று வரும் இடம்

என் வீட்டுக்காரர் தேவராஜை நான்தான் போட்டுக் கொடுத்தேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாளைக்கு யாரும் வந்து, "வடிவு ஒண்ணுந் தெரியாதவ மாதிரி கதை உடுறா" என்று பேசக் கூடாது பாருங்கள்.

போலீசில் இல்லை, சபையில். மண்ணூர்பேட்டையில் கம்பெனிகளுக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட கொட்டகைதான் எங்கள் சபை. வியாழக்கிழமை பெண்கள் ஜெபத்தில் ஆளுக்கொரு விண்ணப்பம் சொல்ல வேண்டும். அடுத்தவர் வீட்டு வம்பைச் சும்மா பேசினால் பாவம். அதையே கண்ணை மூடிக்கொண்டு, கடைசியில் "ஜெபிச்சுக்குங்க" என்று சேர்த்துச் சொன்னால் விண்ணப்பம். எண்பத்தெட்டாம் வருஷம் ஒரு வியாழக்கிழமை நானும் கண்ணை மூடிக்கொண்டு, "எங்க ஊட்டுக்காரரு சினிமாப் பாட்ட உட்டுட்டு மனந்திரும்பணும், ஜெபிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டேன்.

அவர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டுகிறவர். சனிக்கிழமை சாயங்காலம் கல்யாண வரவேற்புகளில் ஆர்கெஸ்ட்ராவுக்குக் கீபோர்டு வாசிப்பார். ஞாயிற்றுக்கிழமை காலையில் சபையில் ஆர்மோனியப் பெட்டி. இரண்டு வருஷமாக இப்படித்தான் நடந்தது. சபையில் ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. ஞானஸ்நானம் எடுப்பதற்கு முன்னால் நான் எப்படிப்பட்ட சினிமா பைத்தியம் தெரியுமா? படம் வந்த முதல் வாரமே பார்க்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. பெண்கள் கவுண்ட்டர் வரிசையில் ஒருத்தியின் வளையலையே உடைத்திருக்கிறேன். அதையெல்லாம் ஒரே நாளில் விட்டேன். ரேடியோவைக்கூட நாத்தனாருக்குக் கொடுத்துவிட்டேன். இந்த மனுஷன் மட்டும் சனிக்கிழமைதோறும் சட்டைக்குச் சென்ட் போட்டுக்கொண்டு போய், புதுப் பாட்டெல்லாம் வாசித்துவிட்டு, முணுமுணுத்துக்கொண்டே வந்து செருப்பைக் கழற்றுவார். எனக்கு வயிறு எரியும். அவர் ஆத்துமாவுக்காகப் படுகிற கவலை, ஆத்தும பாரம் என்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டேன்.

விண்ணப்பம் பாஸ்டர் எத்திராஜ் காதுக்குப் போய்விட்டது. அடுத்த ஞாயிறே பிரசங்கத்தில் சொல்லிவிட்டார். "சகோதரர் தேவராஜ் அவர்கள் இன்னும் மூன்று வாரத்துக்குள் தீர்மானிக்க வேண்டும். அந்த மேடையா, இந்தப் பெட்டியா? உலகப் பாட்டெல்லாம் அசுத்தம் என்று சபைக்கு முன்பாக அறிக்கை செய்துவிட்டு, அப்புறம் பெட்டியைத் தொடட்டும்."

மேடையைத்தான் விடுவார் என்று நினைத்தேன். அவர் வீட்டுக்கு வந்து, கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்து, "பெட்டிய குடுத்துடலாம்னு கீறேன், வடிவு" என்றார்.

"யோவ், இன்னா பேசற நீ?"

"மேடைய உடறது ஒண்ணும் பெரிய விஷயமில்ல. அந்தப் பாட்டெல்லாம் அசுத்தம்னு என் வாயால சொல்ல சொல்றாரே, அது என்னால முடியாது. பெட்டி இல்லாம சபைல போய் சும்மா குந்திகினும் இருக்க முடியாது."

அதாவது சபைக்கே வரமாட்டார். நான் ஒன்று நினைக்க, அது வேறொன்றாக முடிந்தது. "நாந்தான்யா சொன்னேன்" என்று அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. தெருவில் தண்ணீர்க் குழாயடியில் எட்டு ஊருக்குக் கேட்கிற வாய் எனக்கு. அன்றைக்கு மட்டும் ஊமையாகிவிட்டது.

பாஸ்டரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். நல்ல மனுஷன். தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்பில் பத்து வருஷம் வேலை பார்த்ததில் இடது காது மந்தம். வீட்டில் ரேடியோ கிடையாது. டீக்கடையைத் தாண்டும்போது அங்கே ஓடும் பாட்டு காதில் விழக் கூடாது என்று, சத்தமாக ஸ்தோத்திரம் பாடிக்கொண்டு சைக்கிளை மிதிப்பார். நாய்கள் துரத்தும். பன்னிரண்டு வருஷமாக அவர் ஒரு சினிமாப் பாட்டும் கேட்டதில்லை. பிரசங்க மேடையில் வேதாகமத் தமிழ் பேசுவார். கீழே இறங்கினால் எங்களைப் போலத்தான்.

மூன்றாவது ஞாயிறு வந்தது. என் வீட்டுக்காரர் கடைசித் தடவையாகப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்தார். பாஸ்டர் முகம் ஜொலித்தது.

"சபையாரே! வெள்ளிக்கிழமை அடியேன் அயனம்பாக்கம் ஏரிக்கரையில் உபவாசமிருந்து ஜெபித்தேன். சாயங்கால வேளையில் சோர்ந்து கண்ணயர்ந்தேன். அப்போது தண்ணீரின் மேலிருந்து ஒரு ராகம் வந்தது! வார்த்தை இல்லை, வெறும் ராகம்! என் கண்ணீர் நிற்கவில்லை. கர்த்தர் நம் சபைக்கு ஒரு புதுப் பாட்டைத் தந்திருக்கிறார்."

எல்லாரும் அல்லேலூயா சொன்னோம். வார்த்தையை அவரே போட்டுப் பாட ஆரம்பித்தார். இரண்டாவது அடியில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஏரிக்கு அந்தக் கரையில் ஒரு டென்ட் கொட்டாய் இருந்தது. சாயங்காலம் ஆட்டம் தொடங்குமுன் குழாய் ஸ்பீக்கரில் பாட்டுப் போடுவார்கள். அந்த வருஷம் ஆட்டோ, பஸ், காதுகுத்து, கருமாதி என்று எங்கே போனாலும் ஓடின ஒரு பாட்டு அது. கதாநாயகன் மழையில் நனைந்துகொண்டு கதாநாயகியைச் சுற்றிச் சுற்றி வருவானாம். காற்று மெட்டைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறது. வார்த்தையை ஏரி விழுங்கிவிட்டது.

பாஸ்டர் "கிருபையே" என்று போட்ட இடத்தில் சினிமாவில் "இடுப்பே" என்று வரும்.

சபை முழுக்கத் தெரியும். ஒருத்தரும் மூச்சு விடவில்லை. "எல்லோரும் சேர்ந்து!" என்று பாஸ்டர் கையைத் தூக்கினார். பக்கத்தில் குப்பம்மா அக்கா. பாவம், எழுதப் படிக்கத் தெரியாது. எந்தப் பாட்டையும் காதால் கேட்டு மனப்பாடமாகப் பாடுகிறவள். கண்ணை மூடி, இரண்டு கையையும் விரித்து, ஊரே "கிருபையே" என்று பாடும்போது அவள் மட்டும் கணீரென்று "இடுப்பே" என்றாள்.

பெண்கள் பக்கம் அத்தனை பேரும் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டோம். தோள் குலுங்குகிறது, கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. பாஸ்டர் பார்த்துவிட்டு, "பரிசுத்த ஆவியோட அபிஷேகம் இறங்கிடுச்சு! அழுங்க, நல்லா அழுங்க!" என்று முழங்கினார். அவர் மேடைத் தமிழை மறந்தே போனார்.

அடுத்ததுதான் கொடுமை. சரணத்துக்கு முன்னால் ஒரு இடைவெளி. என் வீட்டுக்காரர் விரலுக்கு அது பழக்கம். சினிமாவில் வருகிற அதே பிட்டு, புல்லாங்குழல் இறங்கி வருகிற அதே வளைவு, பெட்டியில் தானாக வந்துவிட்டது. பாஸ்டர் சட்டென்று நிறுத்தினார். பெட்டி அவருடைய நல்ல காதுப் பக்கம்.

"தேவராஜ், இது எனக்கு முந்தாநாள்தான குடுக்கப்பட்டது? ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

சொல்லுய்யா என்று எனக்குள் கத்தினேன். உன்னைத் தூக்கி வெளியே போடப் பார்த்தவர், நன்றாக அவமானப்படட்டும். என் வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார்.

"எனக்கும் வந்துச்சு பாஸ்டர். கொஞ்சம் முன்னாடியே."

"ரெண்டு சாட்சி!" என்று பாஸ்டர் குதித்தார். "அடுத்த மாசம் ஆவடி கன்வென்ஷன்ல அம்பது ஊழியக்காரங்களுக்கு முன்னால இதப் பாடறோம்!"

வீட்டுக்கு வந்ததும் அவர் சைக்கிளை எடுத்தார். "எங்க போற?" என்றேன்.

"பாஸ்டர்கிட்ட சொல்லிட்டு வந்துடறேன். ஆவடில போயி பாடினா அந்த மனுசன சிரிச்சே கொன்னுடுவாங்க."

"கொல்லட்டுமே. உனக்கு இன்னா வந்துது?"

"அவரு அழுதாரு வடிவு. பொய்யா அழல."

நானும் கேரியரில் ஏறிக்கொண்டேன். பாஸ்டர் வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் டென்ட் கொட்டாய், ஸ்பீக்கர், காற்று எல்லாவற்றையும் மெதுவாக, காயத்துக்கு மருந்து போடுகிற மாதிரி சொன்னார். பாஸ்டர் கை கீரையிலேயே நின்றுவிட்டது.

"வார்த்தை இன்னா?"

என் வீட்டுக்காரர் தயங்கினார். எனக்கு எங்கே பொறுமை? "கிருபையேன்னு நீங்க போட்ட எடத்துல இடுப்பேன்னு வரும், பாஸ்டர்."

பாஸ்டர் கீரையைக் கீழே வைத்தார். "குப்பம்மா மேல அபிஷேகம்னு சொன்னேனேய்யா" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது. "நா நெஜமா அழுதேன், தேவராஜ். அப்போ யாருக்கு அழுதேன்?"

"அந்த மெட்டுக்கு நானும் அழுதுகீறேன் பாஸ்டர், மேடைல வாசிச்சிகினே. இடுப்புக்கு இல்ல. அத்த எப்புடி நான் அசுத்தம்னு சொல்றது?"

பாஸ்டர் எழுந்தார். உள்ளே போய் இரண்டு தம்ளர் மோர் கொண்டுவந்து கொடுத்தார்.

அடுத்த ஞாயிறு பிரசங்கம் இல்லை. மனுஷன் மேடையிலிருந்து இறங்கி, எங்களோடு தரையில் நின்றுகொண்டார். "நான் ஏரிக்கரைல தூங்கிட்டேன். கேட்டது டென்ட் கொட்டா பாட்டு. கர்த்தர் குடுத்தார்னு ஒங்ககிட்ட சொன்னேன். அது தப்பு, மன்னிச்சிக்குங்க. அந்த மெட்டு வழியா அவர் என்கிட்ட பேசலன்னு மட்டும் என்னால சொல்ல முடியல. தெரியாமலே நான் தேவராஜ நெருக்கினேன். பெட்டி அவரோடதுதான். சனிக்கிழமைய பத்தி இனிமே நான் கேக்கமாட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. அவ்வளவு பெரிய ஆள் அத்தனை பேருக்கு முன்னால் நின்று தன்னைத் தானே கொட்டிக் கவிழ்த்துவிட்டார். "வேற யாருக்காவது சாட்சி இருக்கா?" என்றார் வழக்கம்போல. எழுந்துவிட்டேன்.

"அந்த விண்ணப்பம் குடுத்தது நாந்தான்" என்றேன். சபையைப் பார்க்காமல் ஆண்கள் பக்கம் அவரை மட்டும் பார்த்தேன். "ஆத்தும பாரமெல்லாம் இல்ல. நான் சினிமாவ உட்டுட்டேன், நீ மட்டும் ஜாலியா போய் வரியேன்னு வயித்தெரிச்சல். அதான்."

அவர் பெட்டியின் மேல் இருந்த தூசியைத் துடைத்தார். "தெரியும், வடிவு" என்றார்.

"தெரியுமா? எப்பத்துலேர்ந்து?"

"நீ சொன்ன அன்னிக்கே குப்பம்மா அக்கா வந்து சொல்லிட்டுது. நீயே ஒரு நாள் சொல்லுவேன்னு இருந்தேன்."

மூன்று வாரமும் மேலே ஒரு வாரமும். காலையில் நான் கட்டிக்கொடுத்த டிபன் டப்பாவை வாங்கிக்கொண்டு போய், சாயங்காலம் கழுவிக் கொண்டுவந்து வைத்திருக்கிறார். ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதற்கு முன்னால் கோபம் வந்துவிட்டது.

"மனுசனாய்யா நீ? ஒரு அடியாவது அடிச்சிருக்கலாம்ல?" என்று ஆராதனை நடுவில் கத்திவிட்டு, அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.