ஜோடிப் பயிற்சி

கோஜே கப்பல் கட்டும் தளத்தில் அன்று மதியம் வாக்கெடுப்பு. வெளிநாட்டுத் தொழிலாளிகளைச் சங்கத்தில் சேர்ப்பதா, வேண்டாமா? கிளைத் தலைவி குமோக்குக்கு ஒரே கவலை, பில்கு. அவன் கை தூக்கினால்தான் வெல்டிங் பிரிவு முழுக்கத் தூக்கும். இருபது வருடமாகத் தம்பி போலப் பழகியவன், இப்போது கைபேசியில் பெண்களையும் வெளிநாட்டுக்காரர்களையும் திட்டி எவனெவனோ கத்துவதைக் கேட்டுவிட்டு முகம் கொடுத்தே பேசுவதில்லை. கோபம் கோபமாக வந்தாலும் அவளுக்குப் பாசம் விடவில்லை.

போதாக்குறைக்குக் காலையிலேயே தள வாசலில் தேர்தல் வண்டி. வெள்ளைக் கையுறை போட்ட வேட்பாளர் இடுப்பு ஒடியக் குனிந்து வணங்கிவிட்டு மைக்கைப் பிடித்தார்.

"அடுப்படியில இருக்க வேண்டிய பொம்பள இங்க சங்கத் தலைவி. நம்ம பிள்ளைங்க வேலையில நேபாளத்துக்காரன். இதைக் கேக்க ஒரு ஆம்பள இல்லையா?"

"அடுப்பை என் வீட்டுக்காரர் பாத்துக்கிறாரு. நீங்க உங்க தொண்டையைப் பாத்துக்குங்க," என்றாள் குமோக். வேலைக்கு வந்திருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். பில்கு சிரிக்கவில்லை.

ஏழு ஐம்பதுக்குத் தளத்தின் ஒலிபெருக்கியில், தினமும் வேலைக்கு முன் போடும் உடற்பயிற்சிப் பாட்டு தொடங்கியது. சண்டையாவது, தேர்தலாவது, அந்தப் பாட்டைக் கேட்டால் கை தானாக மேலே போகும் ஜனம். வேட்பாளரின் ஆட்களிலேயே இரண்டு பேர் குதிக்கத் தொடங்கிவிட்டார்கள். கடைசியில் ஜோடிப் பயிற்சி: முதுகோடு முதுகு சேர்த்து, கை கோத்து, ஒருவர் மற்றவரைத் தூக்க வேண்டும். பில்குவுக்கு எப்போதும் ஜோடி நேபாளத்துத் தில்மான்தான்.

"வாங்கண்ணே," என்று தில்மான் முதுகைக் காட்டி நின்றான். பில்கு அசையவில்லை.

வேட்பாளர் விடுவாரா? தன் ஆள் ஒருவனை முன்னால் தள்ளினார். "அவன் எதுக்குங்க? நம்ம ரத்தம் இருக்கே. இவரோட செய்யுங்க."

பில்கு வந்தவனை ஏற இறங்கப் பார்த்தான். "எனக்கு எந்தத் தோள்ல வலின்னு தெரியுமா?"

அவன் வேட்பாளரைத் திரும்பிப் பார்த்தான்.

"இடது தோள். தில்மான் தினமும் அந்தப் பக்கம் மட்டும் மெதுவாத்தான் பிடிப்பான். இது வேலையில போன தோள்னு ஒத்துக்க வைக்க, கம்பெனியோட ஒரு வருஷம் மல்லுக்கட்டினது யாரு? நீங்க அடுப்படிக்குப் போகச் சொன்னீங்களே, அந்த அக்காதான்."

சொல்லிவிட்டுத் திரும்பி, தில்மானோடு கை கோத்தான். தில்மான் பக்குவமாகத் தூக்கினான். குமோக்குக்குக் கண் நிறைந்துவிட்டது.

வானத்தைப் பார்த்தபடியே பில்கு கேட்டான். "அக்கா, மதியம் இவனைச் சேக்கணும்னு தூக்கறப்ப, என்னால வலது கையைத்தான் தூக்க முடியும். செல்லும்ல?"